ஹீற்றரை நிறுத்திய மாலை

போன வருடம், தைப்பூசத்தை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், மொன்றியலுக்கு வடக்கே மலைப்பக்கம் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, நானும் மனைவியும் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் என் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மடங்குகின்றன. இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்களுக்குப் பயம் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் மொன்றியல்-நோரில் ஒரு வாடகை வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் பழைய கார் அதற்கு முந்தின மார்கழியில் அடியோடு நின்றுவிட்டது. திருத்த ஏலாது என்று கராஜ்காரர் கையை விரித்தார். என் வேலைக்கு நான் பஸ்ஸிலும் மெற்றோவிலும் போய்விடுவேன். மனைவியின் பாடுதான் கஷ்டம். அவர் முதியோர் இல்லம் ஒன்றில் விடியற்காலை வேலை செய்கிறார். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் பஸ் தரிப்பில் ஐஸில் சறுக்கி விழுந்து, வீங்கின கையோடு வேலைக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்கே முடிவெடுத்தேன், பனிக்காலத்தில் காலை வாராத ஒரு கார் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று.

எந்தக் கார் என்பதில்தான் வீட்டில் சண்டை.

மனைவியின் தம்பி பக்கத்து நகரமான லாவாலில் சொந்த வீட்டில் இருக்கிறார். அவரிடம் ஒரு சின்ன மின்சாரக் கார் இருந்தது. பெரியதாக ஒன்று வாங்கப்போவதால் அதை எங்களுக்குத் தரத் தயார் என்றார். மற்றப் பக்கம், ஒரு கார்க்கடையில் பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். ஹைபிரிட் என்றால் பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுவது.

பன்னிரண்டு வயதான மூத்தவள் மின்சாரக் காரின் பக்கம். "பெற்றோல் எரிச்சா பூமி சூடாகும் அப்பா. பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்."

"இந்த ஊர் கொஞ்சம் சூடானா எனக்குச் சந்தோசம்தான்" என்றார் மனைவி. அவர் ஹைபிரிட்டின் பக்கம்.

சின்னவளுக்கு ஆறு வயது. நிறம் நீலமாக இருந்தால் போதும் அவளுக்கு.

நான் இரண்டுக்கும் நடுவில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது. குளிரில் பற்றரி செத்துப்போகும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். பெற்றோல் கார்தான் குளிரில் ஸ்ராட் ஆகாது, மின்சாரக் கார் சொன்னவுடனே எழும்பும் என்று இன்னொருவர் சொன்னார். கேட்கக் கேட்கப் பயம்தான் கூடியது.

கடைசியில் மச்சான்தான் ஒரு வழி சொன்னார். "ரெண்டு நாள் வைச்சு ஓடிப் பாருங்கோ அத்தான். பிடிச்சா எடுங்கோ, பிடிக்காட்டி விடுங்கோ."

"அப்ப வாங்க முந்தி ஒருக்கா முருகனிட்டைக் கொண்டுபோய்க் காட்டுவம்" என்றார் மனைவி.

"அவர் மயிலிலை போறவர். அவருக்கு சார்ஜரைப் பற்றி என்ன தெரியும்?" என்றாள் மூத்தவள். அம்மா முறைத்தார். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் முறைத்தார்.

மச்சான் வீட்டில் இருந்து பற்றரி நிறைந்த காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். "போக இந்தக் கரண்ட் காணும். வரேக்கை மலை இறங்கினாப்போல வாற பெரிய ரவுணிலை ஒருக்கா சார்ஜ் போட்டிட்டு வாங்கோ" என்று வழியும் சொல்லித்தந்தார். போகும்போது ஒரு குறையும் இல்லை. சத்தமே இல்லாமல் மலை ஏறியது. காருக்குள் நல்ல சூடு. மனைவிகூட "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

கோயிலில்தான் நான் முதல் பிழையை விட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே பூசை நடக்கும்போது பார்த்தால், நடுவில் ஒவ்வொரு ஆம்பிளையாகக் கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. அதிக நேரம் நிறுத்திவிட்டால் என்ஜின் உறைந்துவிடும், பிறகு ஸ்ராட் ஆகாது. அதனால் போய் ஸ்ராட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டுவிட்டு, மூக்கு சிவக்கத் திரும்பி வந்து கும்பிடுவார்கள். எத்தனையோ வருடம் நானும் அப்படியே செய்தவன்.

அன்றைக்கும் என் கால் தானாக எழும்பியது. வெளியே மூச்சை விட்டால் மீசையில் உறைகிற குளிர். கார் நிறுத்துமிடத்தில் தெரிந்த ஒருவர், தன் பழைய வான் வண்டியை உறும விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்ன அண்ணை, நீங்களும் ஸ்ராட் பண்ணவோ?"

"ஓம். கரண்டுக் கார். என்னெண்டு தெரியாது, எதுக்கும் ஓட விடுவம்."

"அது சரி. கடவுளையும் கும்பிட வேணும், காரையும் கும்பிட வேணும் எங்களுக்கு" என்றார் அவர்.

என் காரில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் ஹீற்றரை முழுதாகத் திருகி வைத்தேன். காற்று இரைகிற சத்தம் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பூசை முடிந்து, அன்னதானம் முடிந்து, தெரிந்தவர்களோடு கதைத்து முடிந்து வரும்வரை ஆளில்லாத அந்தக் கார் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு நின்றது. மின்சாரக் காரில் உறைவதற்கு அப்படி ஒரு என்ஜின் இல்லை என்பதும், அந்தச் சூடெல்லாம் நாங்கள் வீடு போவதற்கு இருந்த மின்சாரத்தில் இருந்துதான் வந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

திரும்பிக் காரில் ஏறினபோது, திரையில் இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். நினைத்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மச்சான் சொன்ன அந்தப் பெரிய பட்டணத்துக்கு எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்தேன். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். திரும்பிக் கோயிலுக்குள் போய் யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் மனைவி "என்ன, காணுமோ?" என்று கேட்டபோது, "காணும், காணும்" என்றுதான் சொன்னேன். பிள்ளைகளுக்கு முன்னால் அப்பா பயந்தவனாகத் தெரியக்கூடாது என்று ஒரு நினைப்பு.

மெதுவாக ஓடினால் மின்சாரம் மிஞ்சும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அதனால் பெரிய நெடுஞ்சாலையை விட்டு, சின்ன ஊர்களுக்குள்ளால் போகும் பழைய வீதியில் இறக்கினேன். பின்னேரம்தான், ஆனால் தை மாதத்தில் இங்கே சூரியனுக்கும் அவசரம். மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வேகமாகக் குறைந்தது. வீதியின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் பனி. நாங்கள் போன தூரத்தைவிடத் திரையில் இருந்த எண் வேகமாகக் குறைந்தது. எனக்கு வீதியைப் பார்ப்பதா எண்ணைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் இரண்டாவது பிழை. கை நீட்டி ஹீற்றரை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றார் மனைவி.

"உள்ளுக்குச் சூடு காணும்தானே. கோட்டை இழுத்துப் போடுங்கோ."

பிள்ளைகளே, ஒரு மூடின காருக்குள் நாலு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு பேரின் மூச்சு. சப்பாத்துகளில் ஒட்டி வந்த பனி உருகி, காலடியில் தண்ணீர். அதோடு சின்னவள் மடியில் கோயிலில் கட்டித்தந்த சர்க்கரைப் பொங்கல், நாங்கள் புக்கை என்போம். பெரிய பாத்திரம், சுடச்சுட. கை சூடாக இருக்கட்டும் என்று அவள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆவி, ஏலக்காய் மணத்தோடு கார் முழுக்க நிறைந்திருந்தது.

முதலில் கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தது. கையுறையால் துடைத்தேன். துடைத்த ஈரம் அப்படியே உறைந்து வெள்ளைக் கோடாகியது. திரும்பத் துடைத்தேன். இன்னும் வெள்ளையாகியது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஐஸ் பிடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தால் மட்டும் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, எனக்கு வெளியிலை ஒண்டும் தெரியேல்லை" என்றாள் மூத்தவள் பின்னால் இருந்து.

"உனக்கேன் தெரிய வேணும்? நான்தானே ஓடுறன்."

 அதுவரை பாடிக்கொண்டு வந்த சின்னவள் பாட்டை நிறுத்திவிட்டாள். மூத்தவள் தன் பஸ் கார்டை எடுத்து, பக்கக் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினாள். கிறீச் கிறீச் என்ற அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுதோ அப்பா?"

நான் திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தேன். எனக்கும் தெரியவில்லை. அந்தத் தட்டளவு இடமும் மூடிக்கொண்டு வந்தது.

"அப்பா, முன்னுக்கு லைற். மஞ்சள் லைற். கிட்ட."

அவள் சத்தம் போடவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். அவள் சுரண்டின அந்த ஓட்டை வழியாக, வளைவில் திரும்பும்போது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பிரேக்கை அழுத்தினேன். கார் நிற்கவில்லை, சறுக்கியது. பக்கவாட்டில் மெல்லத் திரும்பி, வீதியோரப் பனிக்குவியலில் மெத்தென்று மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பனி அகற்றும் லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளக்குச் சுழல, அதன் பின்னால் தூக்கி வைத்திருந்த இரும்புத் தகடெல்லாம் தெரிந்தது. ஓட்டுனருக்கு நாங்கள் வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. அவர் தன் பாட்டில் போய்விட்டார்.

காருக்குள் புக்கை சிந்தியிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் அழவும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அழலாமா வேண்டாமா என்று.

மனைவி முன்னால் பார்த்தபடியே சொன்னார். "ஹீற்றரைப் போடுங்கோ."

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். "போட்டா வீடு போய்ச் சேரமாட்டம். கரண்ட் காணாது. கோயிலடியிலையே தெரியும் எனக்கு."

"போடாட்டிலும் போய்ச் சேரமாட்டம்" என்றார் அவர்.

பிறகு பின்னால் திரும்பி, சின்னவளின் மடியில் சிந்தினதைத் துடைக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹீற்றரைப் போட்டேன். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினேன். ஐஸ் கீழிருந்து மேலாக உருகி, வீதி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. காரைப் பின்னால் எடுத்து நேராக்கினேன். பயத்தைச் சொன்ன பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. எல்லோருக்கும் ஒவ்வொரு வேலை கிடைத்தது. மூத்தவள் போனில் கிட்ட இருக்கிற சார்ஜரைத் தேடினாள். மனைவி எண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சின்னவள் புக்கைப் பாத்திரத்தை மூடி, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த சின்ன ஊரில், ஐஸ் ஹொக்கி விளையாடும் மண்டபத்துக்குப் பின்னால் சார்ஜர் இருந்தது. இரண்டு வயர். ஒன்றின் முன்னால் பனியை மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். மற்றதில் ஒரு ஹைபிரிட் கார் மாட்டியிருந்தது. உள்ளே சிவப்புத் தொப்பி போட்ட வயதான ஒருவர் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி ஏற்றுகிற வேலையிடத்தில் பழகின என் பிரெஞ்சு, பெட்டிகளோடு கதைக்கத்தான் காணும். மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியில் தட்டினேன். "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி நான் தொடங்கினேன், மிச்சத்தை அவள் கதைத்தாள்.

அவர் முதலில் தலையை ஆட்டினார். பேரன் விளையாடி முடியக் கொஞ்ச நேரம் இருக்கிறதாம், பிறகு தருகிறாராம். அவள் இன்னும் ஏதோ சொல்லி எங்கள் காரைக் காட்டினாள். அவர் இறங்கி வந்து பார்த்தார். கண்ணாடியின் உள்பக்க மூலையில் இன்னும் உருகாமல் இருந்த ஐஸை விரலால் தொட்டார். பின் சீற்றில் இருந்த சின்னவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி வேகமாகக் கதைக்கத் தொடங்கினார்.

"என்னவாம்?" என்றேன் மகளிடம்.

"உங்களைக் கொஞ்சம் பேசுறார் அப்பா."

"என்னெண்டு?"

"அதெல்லாம் தமிழிலை சொல்லேலாது."

அவர் ஏசிக்கொண்டே நடந்து போய், தன் காரில் இருந்த வயரைக் கழற்றி, எங்கள் காரில் தானே மாட்டிவிட்டார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"அவர் சொல்லுறார், அவரிட்டைப் பெற்றோலும் இருக்காம், உங்களிட்டை இல்லையாம், அதாலை நீங்கள் முதல் போடுங்கோவாம்" என்றாள் மகள். "அவற்றை மருமகனிட்டையும் கரண்டுக் கார்தானாம். வீட்டிலை சார்ஜர் இருக்காம், நல்லா ஓடுதாம். தான் ஒரு பயந்தாங்கொள்ளியாம், அதாலைதான் ரெண்டும் உள்ளதை வைச்சிருக்கிறாராம்."

எழுபது வயது மனிதர், முன்பின் தெரியாத ஒருவனிடம், தன் பேத்தி வயதில் இருந்த ஒரு பிள்ளையின் வாயால், தான் பயந்தவன் என்று சிரித்துக்கொண்டு சொல்லி அனுப்பினார். நான் "மெர்சி" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

அவர் எங்களை மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் குளிர்தான், ஆனால் காற்று இல்லை. பிள்ளைகளுக்குச் சூடான சொக்லேற் வாங்கினோம். சிந்தாமல் மிஞ்சின புக்கையை மனைவி அவருக்கு ஒரு கரண்டி கொடுத்தார். அவர் கொஞ்சம் வாயில் வைத்து, நெடுநேரம் யோசித்து, மிகவும் இனிப்பு என்றார். பிறகு இன்னும் ஒரு கரண்டிக்குக் கையை நீட்டினார்.

மச்சானுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.  "அத்தான், நிப்பாட்டி வைச்ச காரை ஓட விடத் தேவையில்லை. சீற்றைச் சூடாக்க ஒரு பட்டன் இருக்கு, அது கனக்க இழுக்காது. ஆனா கண்ணாடிக்குப் போற காற்றை மட்டும் ஒருநாளும் நிப்பாட்டாதைங்கோ. நான் சொல்லித் தந்திருக்க வேணும்" என்றார். அவரையும் நான் கேட்கவில்லையே.

அங்கே ஏற்றின மின்சாரத்தோடு பெரிய ரவுணுக்குப் போய், வேகமாக ஏற்றுகிற சார்ஜரில் இன்னும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடி பளிச்சென்று, உள்ளே சூடாக, வீடு வந்து சேர்ந்தோம்.

எந்தக் கார் வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். ஹைபிரிட்தான் வாங்கினோம். மின்சாரக் காரில் பிழை இல்லை. மச்சானின் அந்தக் காரை வாங்கின குடும்பம் இன்றைக்கும் பனிக்குள் ஓடித் திரிகிறது. அவர்களுக்கு வீட்டோடு சார்ஜர் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாம் மாடி, தெருவில் நிறுத்துகிற கார், பனி அள்ள வருகிற நாளில் அதையும் வேறு தெருவுக்கு மாற்ற வேண்டும். மனைவி விடியற்காலை எழும்பிப் போய் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிற நிலை வேண்டாம் என்று நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்து கதைத்து முடிவெடுத்தோம். மூத்தவளுக்குக் கவலைதான். ஆனாலும் அவளும் கை தூக்கினாள்.

இப்போது தூரப் பயணம் புறப்பட்டால், எனக்கு ஏதாவது சந்தேகம் வந்த உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பாதை வழுக்குது, பாதை தெரியேல்லை, எனக்குக் கொஞ்சம் பயமாய்க் கிடக்கு என்று சொல்வேன். முதல் தடவை சொல்லக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, கூடப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் பயத்தை மறைத்தால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் உயிரோடு வந்தது, ஒரு பிள்ளை தான் கண்டதையும் காணாததையும் மறைக்காமல் சொன்னதால்தான்.